நேற்றுத் தண்ணீரும் ஆறு வரிசை மக்காச்சோளமும்

மக்காச்சோளத்துக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது விடவே கூடாது என்று யாராவது என்னைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம். நான் விவசாயி இல்லை. எண்பதுகளின் கடைசியில் செம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு, குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள். எனக்குத் தெரிந்த ஒரே பாசனம், காலையில் துளசிச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர். அதையும் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் பாதி நாள் மறந்துவிடுவேன்.

என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டது ஒரு தபால் கார்டு.

என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் வேலை. விவசாயிகளுக்காக நான்கு பக்கத்தில் சின்னச் சின்னப் பிரசுரங்கள் அச்சடித்துக் கொடுக்கும் ஆபீஸ் அது. ஆங்கிலத்தில் வரும் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது இவர் பொறுப்பு. கத்தரியில் புழு, வேர்க்கடலையில் பூச்சி, வாழைக்கு உரம் என்று எல்லாவற்றையும் பற்றி அழகாக எழுதுவார். ஆனால் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று மனிதருக்குத் தெரியாது. தினமும் சைக்கிளில் தாம்பரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயில், ஆபீஸ், மறுபடியும் ரயில், சைக்கிள். "ஊருக்கெல்லாம் உரம் போடச் சொல்றீங்களே, நம்ம வீட்டு முருங்கை ஒரு காய் கூட காய்க்கலையே, அதுக்கு ஒரு பிரசுரம் போடுங்களேன்" என்று நான் சீண்டுவேன். சிரித்துக்கொண்டே பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். சண்டை போட வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் முகம் செத்துப்போய் வந்தார். காபி கொடுத்தேன், ஆறிப்போகிற வரைக்கும் தொடவில்லை. என்ன ஏது என்று நான் நாலு தடவை அதட்டிய பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருந்தார்.

"ஐயா, உங்கள் பிரசுரத்தில் மக்காச்சோளத்துக்கு எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர் என்று போட்டிருந்தது. அதை நம்பி எட்டு நாள் கணக்குத் தவறாமல் கட்டினேன். பூ எடுத்த சமயம் வெயில் கடுமையாக இருந்தது. பயிர் சுருண்டது. எட்டு நாள் ஆகவில்லையே என்று பொறுத்திருந்தேன். இப்போது கதிரை உரித்துப் பார்த்தால் பொக்கையாக இருக்கிறது, பாதிக்கு மேல் மணி பிடிக்கவில்லை. நீங்கள் எல்லாம் ஒரு செடியாவது வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "யாருங்க இந்த ஆளு? அவர் வயல்ல விளையலைன்னா அதுக்கு நீங்களா பொறுப்பு? வெயில் அடிச்சதும் உங்க தப்பா?" என்று எகிறினேன்.

"என் தப்பா இருந்தாலும் இருக்கும்" என்றார் அவர், மெதுவாக.

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஆங்கிலக் குறிப்பில் இன்னொரு வரி இருந்ததாம். செடியின் உச்சியில் ஆண் பூ வெளியே வந்து, கதிரின் நுனியில் பட்டு நூல் விடும் இரண்டு வாரமும் மண் காயவே கூடாது, அப்போது மட்டும் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது என்று. இவர் அதையும் தமிழில் எழுதித்தான் கொடுத்திருக்கிறார். அச்சகத்திலிருந்து போன் வந்திருக்கிறது: நாலாம் பக்கத்தில் ஒரு வரி மிஞ்சுகிறது, எதையாவது எடுங்கள் என்று. 'எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர்தான் மேலேயே சொல்லியாயிற்றே, இது திரும்பச் சொல்வதுதானே' என்று அந்த வரியை எடுத்துவிட்டார்.

"ஒரு வரிதானே" என்றேன்.

"அந்த ஒரு வரியாலதான் அவருக்குப் போச்சான்னு எனக்குத் தெரியணும்."

ஆபீசில் பெரியவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவர், ஆமாம், முக்கியமான வரிதான் என்றாராம். இன்னொருவர், விளைந்தால் தன் சாமர்த்தியம், விளையாவிட்டால் ஆபீஸ் மேல் பழி, இதெல்லாம் சகஜம், கார்டைக் கிழித்துப் போடும் என்றாராம். இவருக்கு இரண்டுமே போதவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டு நானே துப்பினேன், இவர் மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டார். அப்போதுதான் எனக்கு பயம் வந்தது.

எட்டாம் நாள் ஒரு தீர்மானத்தோடு வந்தார். "நாமளே போட்டுப் பார்க்கலாம்."

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. சொந்தக்காரர் பம்பாயில். கடிதம் போட்டுக் கேட்டோம். பாம்பு வராமல் இருந்தால் போதும், என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அங்கே ஆறு வரிசை. இடது பக்கம் மூன்று வரிசைக்கு அந்த விட்டுப்போன வரியையும் சேர்த்துத் தண்ணீர். வலது பக்கம் மூன்று வரிசைக்கு அச்சான பிரசுரத்தில் உள்ளபடி எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர், சொட்டு கூடுதல் கிடையாது. ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்குப் போகாமல் நடுவில் அகலமாக ஒரு வரப்பு.

"வலது பக்கம் பொக்கையா வந்தா தப்பு என்னுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தா, நான் தப்பிச்சேன்" என்றார். அவ்வளவுதான் அந்த ஆறு வரிசையின் கதை. அது சோளம் இல்லை, இவருக்குத் தீர்ப்பு.

மாசி மாதம் விதைத்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகைக்குக் கோடு போடும் மர ஸ்கேலை எடுத்து வந்து, செடிக்குச் செடி இடைவெளி அளந்து, வரிசைக்குப் பன்னிரண்டு குழி வைத்தேன். செடி நிற்கும் மேடான பாரைக் கட்டத் தெரியாமல் கட்டி, இடிந்து, மறுபடி கட்டினோம். விதைத்த அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர். அந்த மூன்றாம் நாள் தண்ணீருக்கு உயிர்த் தண்ணீர் என்று பெயராம். இவர் குடை பிடித்துக்கொண்டு பிரசுரத்தைப் பார்த்து வாசிப்பார், நான் கிணற்றில் இறைத்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றுவேன். நாலாவது வாளியில் எனக்கு உறைத்தது. வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குடையையும் பிரசுரத்தையும் நான் வாங்கிக்கொண்டேன். வாசிப்பதில் எனக்கும் ஒன்றும் கஷ்டம் தெரியவில்லை.

முளைத்தது. இரண்டு பேரும் பூரித்துப்போனோம். ஆனால் முழங்கால் உயரம் வருவதற்குள் ஆறு வரிசையும் மஞ்சள் பாரித்து, பிடுங்கினால் கையோடு வந்துவிடும் போல் நின்றது. இவர் ஆபீசிலிருந்து புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். தழைச்சத்துக் குறைவு என்றார். இல்லை, துத்தநாகச் சத்துக் குறைவு என்றார். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தால், எங்கள் மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. ஏரிக்குப் போக வேண்டிய கொக்கு இங்கே என்ன செய்கிறது என்று கிட்டே போனேன். கால் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. நாங்கள் தண்ணீர் விட்டு ஐந்து நாளாகியிருந்தது.

மர்மம் அந்தச் சனிக்கிழமை விளங்கியது. எங்கள் தெருவில் கிணறுகள் எல்லாம் கொஞ்சம் உப்பு. குடிக்க லாரித் தண்ணீர்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். லாரி வந்தால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. குடத்தில் மிச்சமிருக்கும் நேற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். ஒரு குடத்துக்காகக் குடுமிப்பிடி சண்டை போடுகிறவர்களும் மிச்சம் அரைக் குடத்தை யோசிக்காமல் கவிழ்ப்பார்கள். நானும்தான். நேற்றுத் தண்ணீரை யார் குடிப்பது? அன்று லாரி வந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தெருவின் பதினொரு வீட்டுப் பெண்களும் வரிசையாக, கோயிலுக்குப் பால் குடம் எடுப்பது போல, எங்கள் காலி மனைக்குள் நுழைந்து, ஆளுக்கு அரைக் குடம், ஒரு குடம் என்று மக்காச்சோளத்துக்கு ஊற்றிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. உள்ளூர்க்காரர், அவர் வீட்டுக்காரர் கொத்து வேலை. தெருவில் யார் வீட்டில் தாளித்தாலும் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார்.

"அக்கா, என்னக்கா பண்றீங்க!"

"நேத்து தண்ணிம்மா. தெருவுல ஊத்தறத்துக்கு ஒரு பயிருக்காவது போவட்டுமே. நீயும் சாரும் ரெண்டு பேரும் வேலைக்குப் போய்கினு கீறீங்க, வாயில்லா ஜீவன் வாடிகினு கீது. நாங்கதான் எல்லாரும் பேசி வெச்சிகினு ஊத்தறோம்" என்றார், முகமெல்லாம் பெருமையாக.

தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் தெருவில் எங்கள் பயிர் தண்ணீரில் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தது. சின்னப் பயிராக இருக்கும்போது வேர் தண்ணீரில் நின்றால் மக்காச்சோளம் தாங்காதாம். பிரசுரத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியை இவர் வெட்டவில்லை, ஆனால் தெருவில் யாரும் பிரசுரம் படிக்கவில்லை. அவர்களைக் கோபித்துக்கொள்ளவா முடியும்? வடிகால் வெட்டினோம். இவர் ஒரு தகரத்தில் 'தயவுசெய்து இங்கே தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதி நட்டார். அந்தக் கோடையில் தாம்பரத்துக்குத் தெற்கே அப்படி ஒரு போர்டு வேறெங்கும் இருந்திருக்காது. சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று படித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

சேறு காய்ந்ததும் பயிர் தேறிவிட்டது. பச்சை பிடித்து, என் தோளைத் தாண்டி, இவர் தலையையும் தாண்டியது. சித்திரை வெயிலில் உச்சியில் ஆண் பூ எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

இடது பக்கத்துக்கு மண் காய விடாமல் தண்ணீர் விட்டோம். வலது பக்கம் எட்டு நாள் கணக்கு. நாலாம் நாளே வலது பக்கத்து இலைகள் மத்தியானத்தில் வெற்றிலையைச் சுருட்டியது போலச் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. சாயங்காலம் கொஞ்சம் விரியும். ஐந்தாம் நாள் சாயங்காலமும் விரியவில்லை.

எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சரம்மா, நல்லா இருக்குதா இது? அந்தப் பக்கத்துக்குச் சோறு போட்டு இந்தப் பக்கத்தைப் பட்டினி போடுற? உம் மனசு இன்னா கல்லா?"

"இது ஒரு சோதனைக்கா. எட்டு நாள் தண்ணி இல்லாம இருந்தா என்ன ஆவுதுன்னு பார்க்கணும்."

"இன்னா பார்க்கணும்? உனுக்குத் தாகம் எடுத்தா எட்டு நாள் குந்திகினு இருப்பியா?"

டீச்சர் குரலை வரவழைத்துக்கொண்டு, யாரும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, ஊற்றினால் சாருடைய வேலையே வீணாகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தெரு கட்டுப்பட்டது. ஆனால் லாரி நாளில் நேற்றுத் தண்ணீரை எங்கள் மனை எதிரே தெருவில் ஊற்றும்போது, ஒவ்வொருத்தரும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்கள்.

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் சைக்கிளை நிறுத்தாமல்கூட நேரே வலது பக்க வரிசைக்குப் போவார். இடது பக்கத்துக் கதிர்களில் பட்டு நூல் வந்துவிட்டது, மினுமினுவென்று. அந்த நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சொந்தம். மேலே ஆண் பூவிலிருந்து மகரந்தத் தூள் விழும் நேரத்தில் நூல் வெளியே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்த மணி இல்லை. வலது பக்கத்தில் இன்னும் வரவில்லை. இவர் ஒவ்வொரு கதிராகத் தடவிப் பார்ப்பார். ஜுரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போலத் தொடுவார்.

அன்று கையை எடுக்காமலே சொன்னார்: "என் தப்புதான்னு நினைக்கிறேன்."

"இன்னும் கதிரே முத்தலையே, அதுக்குள்ள என்ன?"

"அந்தப் பிரசுரம் எத்தனை ஊருக்குப் போயிருக்கும், தெரியுமா உனக்கு? கார்டு போட்டவர் ஒருத்தர்தான். போடாதவங்க எத்தனை பேரோ."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. லாரி வந்தது. சமையலறையில் இரண்டு குடத்தில் நேற்றுத் தண்ணீர் மிச்சம் இருந்தது. கை தானாகப் போயிற்று என்று எழுதினால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். பட்டப்பகலில் இரண்டு குடத்தையும் சுமந்துகொண்டு போய் வலது பக்கம் மூன்று வரிசைக்கும் ஊற்றினேன். போதவில்லை, கிணற்றுத் தண்ணீரும் இறைத்து ஊற்றினேன். அவர் கண்ணில் ஈரம் படாமலிருக்க மேலே காய்ந்த மண்ணைத் தூவி, சருகைப் பரப்பினேன். பரீட்சை ஹாலில் தாவணி மடிப்பில் பிட்டு வைத்திருக்கும் பெண்ணைக் கதவருகே நின்றே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெண்கள் எல்லாம் அன்று என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

நிமிர்ந்தால் வேலியோரம் எதிர்வீட்டு அக்கா, இடுப்பில் குடத்தோடு.

"அப்டி வா வழிக்கு!" என்றார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். "நான் ஏன் வாயத் தொறக்கறேன்? சாருக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதானே? தள்ளு, கடைசி வரிசைக்கு நீ சரியாவே ஊத்தல" என்று தன் குடத்தையும் கவிழ்த்தார்.

அப்படி நாலு நாளைக்கு ஒரு முறை, மொத்தம் நாலு முறை. இவருடைய எட்டு நாள் தண்ணீர் ஒரு பக்கம் நடந்தது, எங்கள் திருட்டுத் தண்ணீர் ஒரு பக்கம் நடந்தது. முதல் தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் வலது பக்கத்திலும் நூல் வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்று இவர் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லை, அப்போது.

கதிர் முற்றி நூல் கருகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒடித்தோம். இடது பக்கம் ஒரு கூடை, வலது பக்கம் ஒரு கூடை. இவர் தரையில் உட்கார்ந்து, முதலில் இடது பக்கத்துக் கதிரை உரித்தார். நுனி வரைக்கும் மணி. பிறகு வலது பக்கத்துக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தார். உரித்தார். நுனியில் ஒரு விரல் அகலம் காலி, மற்றபடி முழுக்க மணி. அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் அப்படித்தான்.

சத்தம் போட்டுச் சிரித்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வாய் திறந்து சிரித்த மனிதர் இல்லை. "தப்பிச்சேன்டி!" என்றார். இருந்த கதிரையெல்லாம் பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்டு வேக வைத்து, பதினொரு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கடித்துக்கொண்டே, "சாரு கை ராசி, ராசிதான்!" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அன்று மத்தியானமே இவர் திண்டுக்கல் விவசாயிக்குக் கார்டு எழுதி, நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தபால் பெட்டி. போடுவதற்கு முன் படித்தேன். கார்டுதானே, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

"தாங்கள் சொன்னபடி நானே பயிரிட்டுப் பார்த்துவிட்டேன். எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர் விட்ட பயிரும் நன்றாகவே மணி பிடித்தது. ஆகவே தங்கள் நஷ்டத்துக்கு எங்கள் பிரசுரம் காரணமல்ல என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் தண்ணீர் கட்டியதில் கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம்."

கடைசி வாக்கியத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிர் சுருண்டபோது அந்த மனிதர் வயலோரம் நின்று எட்டு நாளை எண்ணியிருக்கிறார். என்னால் எட்டாம் நாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அவர் எங்கள் எழுத்தை நம்பிப் பொறுத்திருந்தார், அவரைப் பார்த்துக் கவனக்குறைவு என்கிறோம். காய்கறி வாங்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

"போடலையா?" என்றார்.

சொல்லிவிட்டேன். நாலு முறை, நேற்றுத் தண்ணீர், சருகு, அக்கா, எல்லாம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போய், காய்ந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"ஏன் அப்படிப் பண்ணினே?"

"தப்பு உங்க மேலன்னு ஆயிட்டா தாங்க மாட்டீங்கன்னு நினைச்சேங்க."

"தப்பைத் தாங்கியிருப்பேன். தெரியாம இருந்ததத்தான் தாங்க முடியல. இப்ப மறுபடியும் தெரியாது" என்றார்.

அழுதுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த இரண்டு நாளும் எட்டு நாளுக்குச் சமம்.

மூன்றாம் நாள் பழைய கார்டைக் கிழித்துவிட்டு, வேறொன்று எழுதினார். இந்தத் தடவை அவரே படித்துக் காட்டினார். மூலக் குறிப்பில் ஒரு வரி இருந்தது, இடம் இல்லை என்று அதை நீக்கியவன் நான், நீங்கள் பட்ட நஷ்டத்தில் அதற்குப் பங்கு இருக்கிறது, என்னை மன்னிக்க வேண்டும் என்று. பயிரிட்டுப் பார்த்ததையும் எழுதி, வலது பக்கத்துக்கு என் மனைவி இரக்கப்பட்டுத் தண்ணீர் விட்டுவிட்டாள் என்பதையும் ஒளிக்காமல் சேர்த்திருந்தார். ஆபீசிலும் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். இவர் கேட்கவில்லை. மிச்சமிருந்த பிரசுரங்களைக் கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் நாலாம் பக்கத்து ஓரத்தில் அந்த ஒரு வரியைக் கையால் எழுத வேண்டும். பாதிக் கட்டை என் முன்னால் வைத்தார். எத்தனையோ பெண்களுக்கு இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன்; எனக்குக் கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான். விரல் வீங்க வீங்க எழுதினேன்.

பத்துப் பதினைந்து நாளில் பதில் வந்தது.

"ஐயா, கார்டு கிடைத்தது. கோபத்தில் எழுதினேன், பதில் வரும் என்று நினைக்கவில்லை. அம்மா தண்ணீர் ஊற்றியதைப் படித்து என் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஆடியில் மறுபடியும் மக்காச்சோளம்தான் விதைக்கப் போகிறேன். பூ எடுக்கும் சமயத்தில் எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் கட்டலாம்? எழுதவும். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்."

இவர் பேனாவையும் ஒரு புதுக் கார்டையும் என் பக்கம் நகர்த்தினார். "ஊத்தினவ நீதானே? நீயே எழுது."

இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். 'நாலு நாளைக்கு ஒரு முறை' என்று எழுதினேன். அப்புறம் பேனா ஓடவில்லை. நான் ஊற்றியது செம்பாக்கத்து மண். அவருடையது என்ன மண்? நான் கண்டது முப்பத்தாறு செடி. அவருக்கு எத்தனை ஏக்கரோ? அக்கா ஊற்றிய குடத்தைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? அடித்தேன். இன்னொரு கார்டு வாங்கினேன். அதையும் அடித்தேன். மூன்றாவதில் பொடி எழுத்தில் இண்டு இடுக்கு விடாமல் எழுதினேன்: நான் செய்தது நாலு நாளைக்கு ஒரு முறை, செடிக்கு இவ்வளவு தண்ணீர், எங்கள் மண் இப்படி, உங்கள் மண் எனக்குத் தெரியாது, இலை காலையிலேயே சுருண்டிருந்தால் என் கணக்கையும் பார்க்க வேண்டாம், பிரசுரத்தையும் பார்க்க வேண்டாம், உடனே தண்ணீர் விடுங்கள்.

நானே கொண்டுபோய் அஸ்தினாபுரம் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகும் கையை வெளியே எடுக்க மனசு வரவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர் இதைப் படித்துவிட்டு மடையைத் திறப்பார், இல்லையென்றால் அடைப்பார். அவர் வீட்டுச் சாப்பாடு அதில் இருக்கிறது. ஒவ்வொரு பிரசுரம் அச்சுக்குப் போகும்போதும் இவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும். கூடவே இருந்தும் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.